முதியோரைப் பற்றிப் படிக்க எங்கே விண்ணப்பிப்பது?

முதியோர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் அப்பு கேட்டார்.

“பிள்ளை, மேல படிக்கப் போறியாம். என்ன படிப்பு?”

“வயசு போன ஆக்களைப் பற்றி, அப்பு.”

“அதுக்கு ஏன் பிள்ளை லண்டன்? இந்தா, முப்பது பேர் இருக்கிறம். கேள், சொல்லுறம்.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிரவு விண்ணப்பக் கோப்பைத் திறந்தபோது அவருடைய கேள்விதான் முன்னால் வந்து நின்றது. எட்டு மாதமாக நான் பல்கலைக்கழகங்களைக் கட்டணம், தரவரிசை, ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி ஆகிய மூன்றையும் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பு நான்காவதாக ஒன்றைப் போட்டுவிட்டார்: எங்களை விட்டுப்போய் எங்களைப் பற்றி என்ன படிக்கப் போகிறாய்? அதை வைத்துப் பார்க்கத் தொடங்கியதும் என் பட்டியலின் வரிசையே மாறிவிட்டது.

என் நிலைமை இதுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் ஏழு வருடமாக வேலை. வீட்டில் நானும் அம்மாவும். அம்மாவுக்கு 71 வயது. அண்ணா ரொறன்ரோவில். தங்கச்சி விசுவமடுவில் கல்யாணம் செய்து இருக்கிறாள். முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டு இன்னும் சிலர் இருப்பார்கள் என்று தெரியும். அவர்கள் முதலிலிருந்து தேடாமல் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். முதியோர் மருத்துவம் வேறு, முதுமையியல் வேறு. முதலாவது வைத்தியருக்குரியது: முதியவரின் மூட்டு, மறதி, விழுந்து எலும்பு முறிவது, ஒரே ஆள் எட்டு வகைக் குளிசை போடுவது. இரண்டாவது, மூப்படைவதை உடல், மனம், குடும்பம், காசு, சட்டம் என்று எல்லாப் பக்கத்தாலும் பார்க்கும் துறை. முதுமையியலின் ஆங்கிலப் பெயரான ஜெரண்டோலஜி என்ற சொல்லை 1903இல் கொண்டுவந்தவர் எலி மெச்னிகோவ், பிறகு 1908இல் நோபல் பரிசு வாங்கியவர். புளித்த பால் குடித்தால் ஆயுள் கூடும் என்று நம்பியவரும் அவரே. வன்னியில் தயிருக்கு எப்போதும் பஞ்சமில்லை என்பதை அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

நீங்கள் வைத்தியர் என்றால் ஒப்பிட அதிகம் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் முதியோர் மருத்துவத்துக்கான டிப்ளோமாவும் நிபுணத்துவப் பயிற்சியும் இருக்கின்றன. அங்கேதான் போக வேண்டும். இனி வருவது என்னைப் போல் சமூகவியல், சமூகப்பணி, தாதியியல், உளவியல் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு.

அப்புவின் கேள்விக்குத் திரும்புவோம். இந்தத் துறையின் பழைய கோட்பாடுகளில் ஒன்று 1961இல் அமெரிக்காவில் வந்த விலகல் கோட்பாடு. வயது போகப் போக மனிதர் பொறுப்புகளிலிருந்து மெல்ல விலகுவார், சமூகமும் அவரை விடுவிக்கும், இரு பக்கத்துக்கும் அது நல்லது என்றது. அங்கேயே அதைப் பலர் மறுத்துவிட்டார்கள். ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு எங்கள் பிரிவில் இருக்கும் ஓர் அப்பம்மாதான் நினைவுக்கு வந்தார். வயது 74. 2009இல் மகனும் மருமகளும் இல்லாமல் போன பிறகு பேரப்பிள்ளைகள் மூவரையும் தனியாளாக வளர்த்து ஆளாக்கியவர். இப்போதும் கச்சான் வறுத்துப் பொட்டலம் கட்டிக் கடைக்குக் கொடுக்கிறார். அவரை யார் விடுவித்தார்கள்? ஓய்வுபெறும் நாள் என்று ஒன்று அரச உத்தியோகத்தருக்கு இருக்கிறது. இரண்டு ஏக்கர் வயல்காரருக்கும் முல்லைத்தீவுக் கடற்தொழிலாளிக்கும் அப்படி ஒரு நாள் நாட்காட்டியில் இல்லை.

சட்டமும் இப்படித்தான். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஒரு நல்ல சட்டம். தன்னைப் பார்க்காத பிள்ளையிடம் பராமரிப்புச் செலவு கேட்டு, அதற்கென்று இருக்கும் சபையில் ஒரு தாய் முறையிடலாம். ஆனால் அழைப்பாணை அனுப்ப ஒரு முகவரி இருக்கும் பிள்ளையைத்தான் அந்தச் சட்டம் மனதில் வைத்திருக்கிறது. ஒரு பிள்ளை காணாமல் ஆக்கப்பட்டவர், இன்னொன்று சுவிஸில் அகதி விண்ணப்பத்தோடு நிற்கிறது, மூன்றாவது கூலி வேலை செய்து தன் குடும்பத்தையே இழுக்க முடியாமல் இருக்கிறது. இந்தத் தாய்க்கு அந்தச் சபையில் என்ன வேலை? எனக்குப் படிக்க வேண்டியது இதுதான். ஆகவே ஒவ்வொரு இடத்திடமும் நான் கேட்பது: இந்தக் கேள்வியை ஆய்வாக எழுத விடுவீர்களா, அதற்கு என்னைத் தயார் செய்வீர்களா?

உள்நாட்டில் முதலில் வருவது சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனம். அங்கே சமூகப்பணியில் முதுமாணி இருக்கிறது. பட்டத்தின் பெயரில் முதுமை என்ற சொல் வராது. ஆனால் ஆய்வை அந்தப் பக்கம் திருப்பலாம். சட்டம், திணைக்களம், உதவித்தொகை எல்லாம் எங்கள் நாட்டினுடையவை. களமோ வீட்டு வாசலில். வேலையை விடாமல் வார இறுதியில் போய்வர முடிகிற ஆண்டு என்றால் சம்பளமும் நிற்காது. வவுனியா, புத்தளம் வழியாகப் போகும் இரவு பஸ்ஸில் ஏறினால் நீர்கொழும்பு தாண்டிச் சீதுவையிலேயே இறங்கலாம், கொழும்பு வரை போகத் தேவையில்லை. ஆனால் வெள்ளி இரவு பஸ், ஞாயிறு இரவு பஸ், திங்கள் காலை அலுவலகம் என்று இரண்டு வருடம் இழுப்பது சும்மா வேலை இல்லை. என்னுடன் வேலை செய்த ஒருவர் வேறொரு படிப்புக்காக அப்படிச் செய்து முடித்தார். முடிக்கும்போது அவருக்கு நாரிநோவும் சேர்ந்து வந்தது.

இரண்டாவது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மட்டும் செய்யும் தத்துவமாணி (எம்.ஃபில்.). கிளிநொச்சியிலிருந்து கிட்டத்தட்ட 65 கிலோமீற்றர், காலையில் போய் மாலையில் வரலாம். தமிழ்க் களத்தைத் தெரிந்த மேற்பார்வையாளர் கிடைப்பார். குறை என்னவென்றால் வகுப்பு இல்லை. முதுமையியலை ஒழுங்காக ஒருவர் இருத்திச் சொல்லித்தராமல் நேரே ஆய்வுக்குள் குதிப்பது என்போல் பாதி தெரிந்தவர்களுக்கு ஆபத்து. ஏற்கெனவே ஒரு முதுமாணி வைத்திருப்பவருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். வவுனியாவைப் பலர் கேட்கிறார்கள். 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி அது தனிப் பல்கலைக்கழகமானது, வன்னிக்கென்று ஒன்று வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கை, தொழில்நுட்பக் கற்கை என்ற பீடங்களோடு வளர்ந்த இடம் அது. எங்கள் துறைக்கு அங்கே இப்போதைக்கு வாசல் இல்லை.

உள்நாட்டுப் படிப்பு எதுவானாலும் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் அது எத்தனையாம் மட்டம் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். வகுப்புகளோடு முடியும் 30 திறமைப் புள்ளி (கிரெடிட்) முதுமாணி 9ஆம் மட்டம். ஆய்வும் சேர்ந்த 60 புள்ளி முதுமாணி 10ஆம் மட்டம். பிறகு கலாநிதிப் படிப்புக்கோ விரிவுரையாளர் வேலைக்கோ போகும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு இலக்க வித்தியாசம் பெரிதாக வந்து நிற்கும். வெளிநாட்டுப் பட்டம் என்றால், காசு கட்ட முன்னர் அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது இந்தியா. இதைத்தான் நான் அதிக நாள் யோசித்தேன். மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936 முதல் சமூகப்பணி கற்பிக்கிறது. அதே நகரில் 1956இல் தொடங்கிய சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இருக்கிறது. இந்தியாவின் முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வை நடத்துவது அவர்கள்தான். 2017-18இல் எடுத்த முதல் சுற்றில் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000க்கும் அதிகமானவர்களைச் சந்தித்திருக்கிறார்கள். எண்களில் விருப்பம் உள்ளவருக்கு இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல பயிற்சிக் களம் கிடைப்பது கஷ்டம். எனக்குப் புள்ளிவிபரவியல் என்றால் பட்டப்படிப்புக் காலத்திலிருந்தே ஒரு நடுக்கம், அதனால் தள்ளிவைத்தேன்.

சென்னைக்கு வேறொரு கவர்ச்சி இருக்கிறது. முதியோர் மருத்துவத்தை இந்தியாவில் முதலில் பட்டப்பின் படிப்பாக்கியது சென்னை மருத்துவக் கல்லூரி, அதற்கு வழிபோட்டவர் வைத்தியர் வி. எஸ். நடராஜன். 2024இல் கிண்டியில் முதியோருக்கென்றே ஒரு தேசிய மருத்துவமனையும் திறந்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் சேரக்கூடிய சமூகப்பணிப் படிப்புக்கு 1952இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது. களத்தில் தமிழில் பேசலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று மொழிபெயர்ப்பாளரை வைத்து ஒருமுறையாவது நேர்காணல் செய்தவருக்குத்தான் தெரியும். செலவுக்கு இந்தியக் கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில் திட்டங்கள் உண்டு. இலங்கையருக்கு கொழும்பில் உள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக அறிவிப்பு வரும்.

ஆனால் தமிழ் ஒன்று என்பதால் முதுமையும் ஒன்றாகிவிடாது. அங்கே முதியோர் இல்லத்தில் ஒரு தாய் அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பற்றிச் சொல்வார். எங்கள் தாய் சொல்வது எங்கே என்றே தெரியாத மகனைப் பற்றி. இரண்டும் பிரிவுதான், இரண்டையும் ஒரே கேள்விக்கொத்தில் அளக்க முடியாது. சென்னைக்குப் போவதானால் நான் எடுக்கக்கூடிய தலைப்பு வேறு: தமிழ்நாட்டு முகாம்களில் மூப்படையும் எங்கள் சனம். 1990இல் முப்பது வயதில் மன்னார்க் கரையில் வள்ளம் ஏறி மண்டபம் முகாமில் இறங்கியவருக்கு இப்போது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஊருக்குத் திரும்பினால் அவருக்கு இங்கே எந்தக் காணி, எந்தப் பிள்ளை, எந்த உதவித்தொகை? முகாமுக்குள் போக அரச அனுமதி எடுக்க வேண்டும், அது தனிப் பாடு. ஆனாலும் யாராவது செய்ய வேண்டிய ஆய்வு. நான் செய்யாவிட்டால் இதை வாசிக்கும் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம்.

இனிக் கடல் தாண்டுவோம். பிரித்தானியாவின் பெரிய வசதி காலம். முழுநேர முதுமாணி ஒரு வருடத்தில் முடிந்துவிடும். லண்டன் கிங்ஸ் கல்லூரியும் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகமும் இந்தத் துறையில் பேர்பெற்ற இடங்கள். படிப்பின் பெயர் ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதனால் விண்ணப்பிக்கும் ஆண்டின் பாடப் பட்டியலைப் பாருங்கள். சொந்தக் காசில் போவதை நான் நினைத்தும் பார்க்கவில்லை. என் ஏழு வருடச் சம்பளத்தைச் சேர்த்தாலும் கட்டணத்துக்குக் காணாது. மிச்சம் பிரித்தானிய அரசு கொடுக்கும் செவனிங் புலமைப்பரிசில்தான். கட்டணம், மாதப் படி, விமானச் சீட்டு எல்லாம் அதில் அடங்கும். 2,800 மணித்தியாலம், அதாவது சுமார் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். எங்களுக்கு அது பிரச்சினை இல்லை. விண்ணப்பம் பெரும்பாலும் ஓகஸ்டில் திறக்கும். மூடும் நாள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒக்டோபர் பிறக்க முன்னர் முடித்துவிடுவது நல்லது. மூன்று படிப்புகளைத் தெரிய வேண்டும். நான்கு சிறு கட்டுரை எழுத வேண்டும்: தலைமைத்துவம், ஆட்களோடு தொடர்பு வளர்ப்பது, ஏன் இந்தப் படிப்பு, பிறகு என்ன செய்யப் போகிறாய்.

முதல் கட்டுரையில்தான் எங்கள் ஆட்கள் சறுக்குகிறார்கள். தலைமைத்துவம் என்றதும் பாடசாலை மாணவத் தலைவி, இல்ல விளையாட்டுப் போட்டி என்று எழுதிவிடுவார்கள். எட்டு முதியோர் சங்கங்களில் மூடிக்கிடந்த இரண்டைத் திரும்ப இயங்க வைத்தேன், அதற்கு விதானையாருடன் என்ன பேசினேன், யார் எதிர்த்தார், எப்படிச் சமாளித்தேன் என்று எழுதினேன். ஒரு சம்பவம், முழுசாக. அதைத்தான் தேடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கடைசிக் கட்டுரைக்கு மேலே சொன்ன சட்டக் கேள்வியே போதுமாக இருந்தது. படித்து முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. எனக்கு அது நிபந்தனையாகவே தெரியவில்லை. கல்யாணமானவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 2024 ஜனவரி முதல், அரச புலமைப்பரிசில் இல்லாமல் வகுப்புகளோடு நடக்கும் முதுமாணிக்குப் போகிறவர் துணையையும் பிள்ளைகளையும் கூட்டிப்போக விசா இல்லை.

கனடாவை எழுதாமல் விட்டால் அண்ணா கோபிப்பார். வன்கூவர்ப் பக்கம் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் முதுமையியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து ஒரு மணித்தியாலச் சொச்சத்தில் ஹமில்டன், அங்கே மக்மாஸ்டரில் உடல்நலமும் முதுமையும் பற்றிய துறை. இவை ஆய்வுக்கு முக்கியத்துவம் கொடுக்கும் இடங்கள். ஆகவே விண்ணப்பிக்க முன்னரே உங்கள் தலைப்புக்குப் பொருந்தும் பேராசிரியருக்கு எழுதிக் கேட்க வேண்டும். பிரித்தானிய வகுப்புப் படிப்புக்கு அப்படித் தேவையில்லை. பலர் இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரே கட்டுரையை இரண்டு பக்கமும் அனுப்புகிறார்கள். தலைப்புக்கும் அங்கே குறைவில்லை. பிள்ளைகளிடம் போய் நீண்ட நாள் தங்கப் பெற்றோருக்கென்று 2011இல் வந்த சூப்பர் விசாவில் போய் ஸ்காபரோவில் பேரப்பிள்ளை பார்க்கும் வன்னித் தாய்மார் பனிக்காலம் முழுவதும் கண்ணாடிக்குள் இருந்து என்ன செய்கிறார்கள் என்பதே ஒரு முழு ஆய்வு. ஆனால் இரண்டு வருடம் வேண்டும். கட்டணத்தைத் தவிர வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையையும் 2024 ஜனவரியில் 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக உயர்த்தினார்கள், பிறகும் கூடியிருக்கிறது. அண்ணா கணக்கோ வேறு: “நீ முதல்ல வா, பிறகு இங்கயே நிக்கலாம், அம்மாவையும் கூப்பிடுவம்.” படிப்புக்காக விண்ணப்பிக்கிறோமா, குடியேற விண்ணப்பிக்கிறோமா என்பதை மனதுக்குள் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் தவறேதும் இல்லை, ஆனால் அதற்கு முதுமையியல் அவ்வளவு பொருத்தமான வழி இல்லை.

அமெரிக்காவை விரைவாகக் கடந்துவிடுகிறேன். 1975இல் தொடங்கிய தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் முதுமையியல் பள்ளி இந்தத் துறையில் மூத்தது. இணையவழியிலும் முதுமாணி நடத்துகிறார்கள். அங்கே மாலை ஆறு மணி வகுப்பு என்றால் எங்களுக்கு மறுநாள் காலை ஆறரை அல்லது ஏழரை, விழித்திருக்கக்கூடிய நேரம்தான். கட்டணத்தைப் பார்த்ததும் நான் பக்கத்தை மூடிவிட்டேன். நேரில் போவதற்கு அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் புலமைப்பரிசில் வழி இருக்கிறது, அதுவும் முடிந்ததும் நாடு திரும்பச் சொல்லும் வழி.

படிப்பில்லை, ஆனால் பலருக்கு இதுவே போதும் என்று நான் நினைப்பது மால்டா. ஐக்கிய நாடுகளின் சர்வதேச முதுமை நிறுவனம் 1988 முதல் அங்கே இயங்குகிறது. எங்களைப் போன்ற நாடுகளின் உத்தியோகத்தருக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுப்பதே அதன் முக்கிய வேலை. பட்டம் வேண்டாம், செய்கிற வேலையைச் சரியாகச் செய்யத் தெரிந்தால் போதும் என்பவர், இரண்டு வருடத்தையும் நாரிநோவையும் மிச்சம் பிடிக்கலாம்.

முகவர் நிலையங்களைப் பற்றி ஒரு சொல். நகரத்தில் ஒன்றிடம் போனேன். கோப்புக் கட்டணம் என்று வாங்கினார்கள். மூன்று கிழமை கழித்து முதுமையியலுக்குப் பதிலாகச் சுகாதார முகாமைத்துவத்துக்கு அனுமதிக் கடிதம் வந்தது. கேட்டால், “ரெண்டும் ஒண்டுதான் மிஸ், இதில விசா லேசு” என்கிறார்கள். காசு திரும்பவில்லை. மேலே சொன்ன எந்த இடத்துக்கும் நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம், யாரும் நடுவில் தேவையில்லை. சிபாரிசுக் கடிதத்துக்கு மட்டும் குறைந்தது ஒன்றரை மாதம் முன்னதாகக் கேளுங்கள். உங்களைப் பெயரளவில் தெரிந்த பேராசிரியரை விட, உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த மேலதிகாரியின் ஒரு பக்கம் பெறுமதியானது. ஐஈஎல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், அவசரப்பட்டு முதலிலேயே எழுதிவிடாதீர்கள். அரச உத்தியோகத்தர் படிப்பு விடுமுறைக்கும் பிணைக்கும் இப்போதே விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும், அது பல்கலைக்கழக அனுமதியை விட மெதுவாக நகரும்.

சரி, நான் என்ன செய்கிறேன்? செவனிங்குக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். அது வராவிட்டால் சீதுவை. கனடாவைக் கைவிட்டதற்குக் காரணம் காசு அல்ல, அந்த இரண்டாவது வருடம். அம்மா பதினொரு இடம் இடம்பெயர்ந்து 2010இல் இந்தக் காணிக்குத் திரும்பியவர். அப்போது நட்ட தென்னை காய்க்கத் தொடங்கிக் கனகாலம். விசுவமடுவுக்குப் போய்த் தங்கச்சியோடு இருங்கள் என்றால் ஒரு நாள் இருப்பார், மறுநாள் பஸ் ஏறிவிடுவார். சொந்த இடத்திலேயே மூப்படைதல் என்று பாடப் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. அதை வாசிக்க நான் அம்மாவைத் தனியே விட்டுப் போக வேண்டியிருக்கிறது. ஒரு வருடம் என்றால் தங்கச்சி கிழமையில் இரண்டு நாள் வந்து தங்குவாள், பக்கத்து வீட்டு அக்கா இரவில் ஒருமுறை எட்டிப் பார்ப்பா. இரண்டு வருடத்துக்கு அந்த ஏற்பாடு தாங்காது.

போன கிழமைதான் அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை நிறுத்தவில்லை.

“ஒரு வருசமோ? ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும். சரி, போட்டு வா. தேங்காய்க்காரனிட்டக் காசு ஆர் வாங்கிறது எண்டு மட்டும் எழுதி வைச்சிட்டுப் போ.”